கடன்பட்ட மொழிபெயர்ப்பாளர்



சென்ற வாரம் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு வாக்கியம் அமைத்தல் நடத்திக்கொண்டிருந்தேன். "ஐயோ பாவம்" என்னும் தொடரைக் கரும்பலகையில் எழுதியவுடன் ஒரு சிறுவன் எழுந்து, "டீச்சர், கீழே விழுந்தவனை ஐயோ பாவம் என்கிறோம். அவன் என்ன பாவம் செய்தான்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, ஒன்று தீவினை, மற்றொன்று இரக்கக் குறிப்பு என்று இலக்கணப்படி விளக்கம் கூறி அமர்த்தினேன். விளக்கம் சரிதான். ஆயினும் அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பாவம் என்னும் சொல் கிறிஸ்தவர்கள் கொண்டுவந்த சொல் அன்று. திருக்குறளில் பிறனில் விழையாமை அதிகாரத்திலேயே, பகை, அச்சம், பழி ஆகியவற்றோடு அதுவும் நிற்கிறது. ஆனால் தமிழ் அச்சேறிய வரலாற்றில் அச்சொல்லுக்குத் தனி இடம் உண்டு. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூலே தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் அதை உருவாக்கினார். மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1580இல் அதே கொச்சியில் வெளிவந்த நூலின் பெயர் 'கொம்பெசியொனாயரு'. வாயில் நுழையாத இப்பெயர், பாவ அறிக்கைக் கையேடு என்னும் பொருள் தரும் போர்த்துகீசியச் சொல்லே. குருவானவரிடம் செல்லுமுன் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுப் பார்க்க வேண்டியவற்றை அது கற்பித்தது. தமிழ் எழுத்தில் முதன்முதலில் அச்சான மூன்று நூல்களுள் ஒன்று, மனிதன் தன் குற்றத்தைத் தானே தேடிப் பார்ப்பதற்காக அச்சிடப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பின்னர் தரங்கம்பாடி. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்க் ஐயரும் புளூட்சோ ஐயரும் 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கினர். சீகன்பால்க் ஐயருக்கு அப்போது வயது ஏறத்தாழ 24. அவர் தமிழ் கற்ற விதம் ஆசிரியர்களாகிய நமக்கு இனிப்பானது. ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரை மாணவர்களோடு தம் வீட்டிற்கே வரவழைத்து, அச்சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் பயின்றார். இரண்டே ஆண்டுகளில் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்க்கும் அளவுக்கு வளர்ந்தார். 1708ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே தரங்கம்பாடிக் கோட்டைத் தளபதியோடு ஏற்பட்ட பிணக்கினால் சிறைப்பட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் அடைபட்டிருந்தார். வெளிவந்து, 1711ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அப்பணியை முடித்தார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு நம் தமிழில்தான். பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை வந்த நிலையில், 1719இல், தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார். எஞ்சியதை முடித்தவர் சூல்சு ஐயர்.

அந்தச் சிறைவாசத்தை எங்கள் ஞாயிறு பள்ளியில் ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்தோம். நான் சொல்ல வந்தது மற்றொரு மொழிபெயர்ப்பாளரின் சிறைவாசம். அதை எந்த ஞாயிறு பள்ளியிலும் எவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜோகன் பிலிப் பப்ரிசியஸ் 1711ஆம் ஆண்டு ஜெர்மனியில், பிராங்பர்ட் நகருக்கு அருகிலுள்ள கிளேபெர்க் என்னும் ஊரில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்று, பின்னர் ஹாலே நகரில் இறையியல் கற்று, 1740இல் தரங்கம்பாடிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் சாகும்வரை தாயகம் திரும்பவில்லை, மணம் புரியவும் இல்லை. அவர் வாழ்ந்த காலமோ போர்க்காலம். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் தஞ்சம் புகுந்தார். 1749இல் ஆங்கிலேயர் சென்னையைத் திரும்பப் பெற்றபின் வேப்பேரியில் பணி தொடர்ந்தது. 1758இன் இறுதியில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது மீண்டும் பழவேற்காடு. 1761இல் புதுச்சேரி வீழ்ந்தபோது அங்கிருந்து எடுத்துவரப்பட்ட அச்சுப்பொறி, அரசாங்க வேலைகளையும் செய்து கொடுக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு வேப்பேரியில் அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. போர்க்கொள்ளையாக வந்த அச்சுப்பொறியிலா வேதம் அச்சடிப்பது என்று அவர் மனம் கேட்டதோ என்னவோ.

அந்த அச்சகத்தில் 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வந்தது. பின்னர் ஞானப்பாட்டுகள், 1779இல் பிரைத்தாப்ட் ஐயரோடு சேர்ந்து தொகுத்த தமிழ் ஆங்கில அகராதி. பழைய ஏற்பாட்டின் முழுமையான பதிப்பு 1796இல்தான், அதாவது அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்தே நிறைவுற்றது. முன்னோர் மொழிபெயர்ப்பை எபிரேய, கிரேக்க மூலங்களோடு ஒப்பிட்டும், தமிழரிடம் படித்துக் காட்டிக் கேட்டும் திருத்தினார். ஒவ்வொரு சொல்லையும் முழங்காலில் நின்று எடை போட்டவர் என்று பிற்காலத்தார் எழுதினர். லுத்தரன் சபையார் இருபதாம் நூற்றாண்டிலும் அவர் மொழிபெயர்ப்பைக் கைவிட மனமின்றி வைத்திருந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த என் பாட்டியின் தகரப்பெட்டியில் இருந்ததும் அதுவே. அதில் கடவுளின் பெயர் பராபரன். சிறுவயதில் எங்கள் சபையில் 'தேவன்' என்று கேட்டுவிட்டு வீட்டில் 'பராபரன்' என்று கேட்கும்போது, பாட்டியின் கடவுள் வேறோ என்று நான் குழம்பியது உண்டு.

இங்கே ஆசிரியருக்கேயுரிய ஒரு கவனிப்பு. சீகன்பால்க் ஐயர் கடவுளைச் சர்வேசுரன் என்றார். பப்ரிசியஸ் ஐயர் பராபரன் என்றார். 1871இல் போவர் ஐயர் தலைமையில் முடிந்த ஐக்கியத் திருப்புதல் தேவன் என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்றது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெரும் வாதப் பிரதிவாதங்கள். ஆனால் பாவத்தைப் பாவம் என்று சொல்வதில் மட்டும் அவர்களுக்குள் பெரிய சிக்கல் எழவில்லை. தமிழர்க்கு அச்சொல்லை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை போலும்.

இனி அந்தச் சிறை. பப்ரிசியஸ் ஐயர் நேர்மையானவர் என்று எல்லாரும் நம்பியதால், சபையின் பணத்தோடு பிறருடைய பணமும் அவரிடம் சேர்ந்தது. சேமிப்பைக் காக்க அவரைவிடப் பாதுகாப்பான இடம் வேறு இல்லை என்பது ஊரின் எண்ணம். அவர் அப்பணத்தை வட்டிக்குக் கொடுத்தார். வட்டி வந்தால் சபைக்கு உதவும் என்பது நோக்கம். வாங்கியவர்கள் திருப்பவில்லை. ஒரு கடனை அடைக்க மற்றொன்று, அதை அடைக்க இன்னொன்று. போர்களாலும், 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பாலும் நாடே நொடித்திருந்த காலம். இறுதியில் கடன்காரர்கள் வழக்குத் தொடுக்க, எழுபது வயதைக் கடந்த அந்த மொழிபெயர்ப்பாளர் கடனாளிகளின் சிறைக்குச் சென்றார். 1788இல் கெரிக்கே ஐயர் நாகப்பட்டினத்திலிருந்து வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1791 சனவரியில், எண்பது வயதளவில், பப்ரிசியஸ் ஐயர் காலமானார்.

அவர் தமக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவர்மீது பரிவுள்ளவர்கள் எழுதுகிறார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் நம்பிக்கொடுத்த எளியவர்களின் பணம் போனது போனதுதான். ஐயர் ஏமாந்தார் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது, பணத்தை இழந்தவர்களுக்கு நியாயம் ஆகாது.

இதை நான் முதன்முதலில் படித்தது 2006இல். சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்த முந்நூறாம் ஆண்டு அது. எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கையேடு தயாரிக்கும் பணியை என்னிடம் தந்தார்கள். சீகன்பால்க் ஐயரின் சிறைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன். பப்ரிசியஸ் ஐயரின் சிறையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு வேண்டாமே என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

2004இல், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த மூன்றாம் ஆண்டில், நான்காம் ஆண்டு வகுப்பு ஒன்றுக்கு நான் வகுப்பாசிரியை. தைப்பிங் விலங்கியல் பூங்காவுக்குக் கல்விச் சுற்றுலா ஏற்பாடாகியிருந்தது. 38 மாணவர், தலைக்கு 30 ரிங்கிட், ஆக 1,140 ரிங்கிட். முழுத்தொகையும் வசூலாகிவிட்டது. என் மேசை இழுப்பறையில், ஓர் உறையில் இருந்தது. அந்த மாதம் என் பழைய கஞ்சில் காரின் தவணை நின்றுபோய், காரை இழுத்துச் சென்றுவிடுவோம் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. உறையிலிருந்து 240 ரிங்கிட் எடுத்தேன். இருபத்தைந்தாம் தேதி சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்பது கணக்கு. பதினெட்டாம் தேதியே பேருந்துக்கு முழுப்பணமும் கட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டார். எட்டுப் பேர் இன்னும் கட்டவில்லை என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். "பெயர்களைக் கொடுங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொல்லி உதவலாம்," என்றார்.

எட்டுப் பெயர்களை எழுதினேன். எந்தப் பெற்றோர் பள்ளிக்கு வந்து கேள்வி கேட்க மாட்டார்களோ அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களை எழுதினேன். பணத்தை எடுத்ததைக்கூட அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பட்டியலை எழுதியபோது எனக்கு எந்த அவசரமும் இல்லை. நிதானமாக, யோசித்து, தேர்ந்தெடுத்து எழுதினேன்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து அந்த எண்மரையும் அழைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒரு சிறுவன் வகுப்புக்குத் திரும்பி வந்து, "டீச்சர், நான் கட்டிட்டேனே, மூணு சிவப்பு நோட்டு கொடுத்தேனே," என்றான். பத்து ரிங்கிட் நோட்டுகளை அப்படித்தான் அவன் நினைவில் வைத்திருந்தான். பார்க்கிறேன் என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை, போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்றிரவு வழிநடத்துதல் வேண்டும் என்று செபித்துவிட்டு, கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்தேன். இப்படிச் செய்வது கிறிஸ்தவர்களிடையே மிகப் பழைய வழக்கம். கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீன், எடுத்துப் படிக்கச் சொல்லும் குழந்தைக் குரல் ஒன்றைக் கேட்டுப் பவுலின் நிருபத்தைத் திறந்தார். கண்ணில் பட்ட பகுதி அவர் வாழ்க்கையை மாற்றியது. ஆனால் உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷத்தில் குறி பார்ப்பதை அதே அகுஸ்தீன் விரும்பவில்லை. 506இல் பிரான்ஸ் நாட்டின் ஆக்த் நகரில் கூடிய ஆயர் மன்றம் அவ்வழக்கத்தைத் தடையே செய்தது. இருந்தும் அது நிற்கவில்லை. ஜான் வெஸ்லி 1737இல் ஒரு பெண்ணை மணப்பதா வேண்டாமா என்று சீட்டுப் போட்டுப் பார்த்தார். மொரேவியர் 1731 முதல் நாளுக்கொரு வசனம் என்று தேர்ந்து அச்சிட்டு வருகின்றனர். ஹாலே வட்டத்தைச் சேர்ந்த பொகாட்ஸ்கி 1718இல் வெளியிட்ட வசனத் தொகுப்பு வீடுதோறும் இருந்தது. புத்தாண்டு இரவு ஆராதனையில் நாம் வரிசையில் நின்று எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்று எனக்குத் தோன்றும். அட்டையில் ஒருபோதும் கண்டிக்கும் வசனம் வருவதில்லை என்பதை நீங்கள் கவனித்ததுண்டா?

எனக்கு வந்தது முதலாம் நாளாகமம். யார் யாரைப் பெற்றார் என்னும் நீண்ட பெயர்ப் பட்டியல். கடவுள் பதில் தரவில்லை என்று மூடி வைத்துவிட்டேன். படுக்கப் போனபிறகுதான் நான் எழுதிய பட்டியல் நினைவுக்கு வந்தது. எழுந்து, இம்முறை கண்ணைத் திறந்துகொண்டு, நானே தேடி, இரண்டாம் சாமுவேல் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன். தாவீது அரசன் பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைப் போர்முனையில் சாகவிட்டபின், நாத்தான் தீர்க்கர் அவனிடம் வந்து ஒரு கதை சொல்கிறார். நிறைய ஆடுகள் உடைய பணக்காரன், ஏழையிடமிருந்த ஒரே குட்டியைப் பிடித்து விருந்து வைத்த கதை. அரசன் சினந்து எழுந்து, அந்தப் பணக்காரனுக்குத் தண்டனை கூறுகிறான். அந்த மனிதன் நீயே என்கிறார் தீர்க்கர். இந்தக் கதையை நான் ஞாயிறு பள்ளியில் பலமுறை அழகாக நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் தாமே விடையைக் கண்டுபிடிக்கும்படி கேள்வி கேட்கும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று பயிற்சிக் கல்லூரிக் குறிப்பேட்டில்கூட எழுதி வைத்திருந்தேன். அந்தக் கதையில் எனக்கு ஓர் இடம் உண்டு என்று எண்ணியதே இல்லை.

காலையில் தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பணத்தை இன்றைக்கே வையுங்கள். எட்டு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தோழி ஒருவரிடம் கடன் வாங்கி உறையில் வைத்தேன். அன்று மாலையே கிளம்பினேன். ஏழு வீடுகளில் சொன்னது எனக்குச் சரியாக நினைவில்லை. ஒருவர் திட்டினார், ஒருவர் சிரித்தார், சிலருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை.

எட்டாவது வீடு செம்பனைத் தோட்டத்து லயத்தில். வேலை முடிந்து வந்த அம்மா, கைகால் கழுவிக்கொண்டே கேட்டார். காசை வழியில் செலவழித்துவிட்டுக் கட்டிவிட்டதாகப் பொய் சொல்கிறான் என்று நினைத்து, முதல் நாள் இரவு பையனை அவன் அப்பா வாரால் அடித்திருக்கிறார். அதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். நான் அங்கேயே அழத் தொடங்கிவிட்டேன். அந்த அம்மா பதறிப்போய், "ஐயோ பாவம் டீச்சர், உட்காருங்க, தே தண்ணி கலக்குறேன்," என்றார்.

அந்தத் தே தண்ணீரைக் குடித்தேன். பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். மன்னித்தேன் என்று ஆட்டினானா, டீச்சர் பேசும்போது தலையாட்ட வேண்டும் என்பதற்காக ஆட்டினானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சுற்றுலாவுக்கு வந்தான். நீர்யானையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

2006இல் கையேட்டில் விட்டுப்போன பக்கத்தை இப்போதுதான் எழுதி முடித்திருக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பப்ரிசியஸ் ஐயரைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. சிறையையும் சேர்த்தே நடத்தப் போகிறேன். மூன்றாம் ஆண்டுச் சிறுவனின் கேள்விக்கு மட்டும் இன்னும் நல்ல விடை கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் எவரேனும் வகுப்பில் இதை விளக்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அடுத்த கட்டுரையில், இரேனியஸ் ஐயர் வேதாகமத் தமிழைத் திருத்த முற்பட்டபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எழுப்பிய எதிர்ப்பைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன்.